டயருக்குள் வைத்த தோல்

டயருக்குள்ளிருந்து டியூபை உருவும்போது ஒரு வாடை வரும். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த காற்றும், வெயிலில் வெந்த ரப்பரும், டியூப் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய வெள்ளைப் பவுடரும், எந்த வழியாகவோ உள்ளே போய்ச் சேர்ந்த மழைத்தண்ணீரும் கலந்த, மூக்கைச் சுளிக்க வைத்துவிட்டு மறுபடியும் முகரச் சொல்லும் வாடை. எங்கள் ஆம்பூரில் அதோடு தோல் வாடையும் சேர்ந்திருக்கும். ஊரே தோல் வாடைதானே, டயர் மட்டும் தப்புமா என்று நினைக்காதீர்கள்; நான் சொல்வது டயருக்குள்ளேயே இருந்த தோலை. அந்த வாடை இன்றைக்கு எங்காவது என் மூக்கில் பட்டால் போதும், கை தானாகப் போய்ப் பக்கத்தில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பார்க்கிறவர்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கிறார்கள். என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தோல் கம்பெனியில் தரம் பிரிப்பவர். பதனிட்டு வந்து குவியும் தோல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு முறை உருட்டிப் பார்த்து, 'ஒண்ணு', 'ரெண்டு', 'கழிவு' என்று தனித்தனியாக வீசுவது அவர் வேலை. கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு துண்டைக் கொடுத்தால் வெள்ளாடா செம்மறியா என்பது மட்டுமல்ல, அந்த ஆடு முள்வேலியில் உரசிய ஆடா, உண்ணி கடித்த ஆடா என்பதையும் சொல்லிவிடுவார். "கண்ணு ஏமாத்தும் பாப்பா, வெரலு ஏமாத்தாது" என்பார். கம்பெனி முதலாளியே வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அப்பாவைக் கூப்பிட்டு அந்த வித்தையைக் காட்டச் சொல்வாராம். வீட்டில் அம்மா நர்ஸ். "ஊசி போட்டுப் போட்டு என் கை மரத்துப் போச்சு, உங்கப்பா கையப் பாரு, பொம்பளக் கை மாதிரி" என்று கேலி செய்வார்.

அந்த அப்பாவுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு பழைய அம்பாசடர். எனக்கும் முந்திப் பிறந்த வண்டி. முதலாளி புது வண்டி வாங்கியபோது அப்பாவிடம் தள்ளிவிட்டது. முன்பக்கம் நீளமான ஒரே சீட்டு, ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர், கதவை மூடினால் தெருவுக்கே கேட்கும். நாங்கள் அதில் போன போக்கை இப்போது நினைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அமிர்தி அருவிக்கு ஒரு முறை பதினோரு பேர் போனோம், சத்தியமாகப் பதினோரு பேர்! பெல்ட்டாவது ஒன்றாவது, குழந்தைகள் மடியில், மடியில் இடமில்லாதவர்கள் காலடியில். நான்கு டயரும் மொட்டை. 'ஸ்டெப்னி' என்று டிக்கியில் கிடந்த ஐந்தாவது டயரில் உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது, அதன் டியூபில் ஒட்டின் மேல் ஒட்டு. அப்படியே மலைப்பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். எங்களை எந்தத் தேவதூதர் தாங்கிப் பிடித்தாரோ, ஐயோ!

டயரில் கிழிசல் விழுந்தால் எல்லா ஊரிலும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பழைய டயரை வெட்டி உள்ளே வைப்பார்களாம், அப்போதுதான் டியூப் அந்தக் கிழிசல் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வராது. எங்கள் ஊரில் தோல் வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துண்டுத்தோல் மூட்டை ஒன்று இருக்கும். ஆடுகிற மேசைக்காலுக்கும் தோல், அடிபம்பு வாஷருக்கும் தோல், சத்தம் போடுகிற கதவு இடுக்குக்கும் தோல். அப்படியிருக்க டயருக்கு மட்டும் போய் ரப்பரைத் தேடுவார்களா? அதை ஒரு மானப் பிரச்சினையாகவே வைத்திருந்தார்கள்.

அந்த மூட்டையில் இரண்டு வகைத் தோல் உண்டு. ஒன்று லேசாக நீலம் ஓடும் 'குரோம்' தோல், ரசாயனத்தில் பதனிட்டது. இன்னொன்று ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழுப்பு நிறப் 'பட்டைத்தோல்', தடிமனாக, பார்க்க லட்சணமாக இருக்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் நான் கேட்டுவைக்க, அப்பா நேராகச் சமையற்கட்டுக்குள் போய் அம்மாவின் பால் சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இரண்டு துண்டையும் போட்டார். நீலத் துண்டு போட்டபடியே கிடந்தது. பழுப்புத் துண்டு என் கண்ணெதிரே நெளிந்து, சுருண்டு, பாதியாகிப் போயிற்று. ஆறியபின் எடுத்துத் தட்டினால் மரக்கட்டை மாதிரி சத்தம். "சூடும் ஈரமும் ஒண்ணா பட்டுச்சுன்னா பட்டைத்தோல் அவ்ளோதான்" என்றார். அம்மா அந்தச் சட்டியைத் தெருவில் வீசிவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஆக, எனக்குத் தெரியும். ஒன்பது வயதிலேயே தெரியும். அதைத்தான் நான் முதலில் உங்களிடம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் மே மாதத்தில் எஸ்தர் அத்தைக்குக் கல்யாணம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் வளர்த்து, படிக்க வைத்து, டீச்சராக்கினார். மாப்பிள்ளை வீட்டார் வேலூரில் அவர்கள் கோயிலில்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள். வாடகைக்கு நல்ல வண்டியாகப் பேசிவிடலாம் என்று அம்மா சொன்னதற்கு அப்பா காது கொடுக்கவில்லை. என் தங்கச்சி என் வண்டியில்தான் போய் இறங்குவாள் என்று ஒரே பிடியாக நின்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பஞ்சர் கடை அன்வர் பாய் வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்த்தார். முன்பக்க இடது டயரைக் கழற்றி, லீவர் போட்டு நெம்பி, டியூபை உருவி, டயருக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். உள்ளங்கை நீளத்துக்குக் கிழிசல். "சார், இது ஓடாது சார். பேஜார் பண்ணும். கல்யாண வண்டி வேற" என்றார். ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது அதைவிட மோசம் என்று கீழே போட்டார். புது டயருக்கு வேலூருக்குத்தான் போகவேண்டும், அன்றைக்கோ வீடு நிறைய விருந்தாளி. "கடைல பழைய டயர் துண்டு கீது, வெட்டி உள்ள வெக்கட்டுமா?" என்று பாய் கேட்டதுதான் தாமதம், அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா பாய், தோலு ஊர்ல உக்காந்துனு எனக்கு ரப்பர் வெக்கிறியா?" என்று சிரித்தபடியே என் பக்கம் திரும்பி, "பாப்பா, மூட்டைல நீலமா ஒரு குரோம் துண்டு இருக்கும் பாரு, பெருசா. எடுத்துனு வா" என்றார்.

அந்த நீலத் துண்டு மூட்டையில் இல்லை. பள்ளிக்கூடக் கைவேலைக் கண்காட்சிக்காக அதை யாரிடமும் கேட்காமல் எடுத்து, வெட்டி, ஓட்டை போட்டு, சிவப்பு நூலில் தைத்துப் பென்சில் பையாக்கி, பரிசும் வாங்கிவிட்டிருந்தேன். கடையில் வாங்கிய தோல் என்று டீச்சரிடம் பொய் வேறு. மூட்டையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். நீலத்தில் கட்டைவிரல் அகலத் துணுக்குகள்தான் இருந்தன. பெரிதாக இருந்தது ஒரே ஒரு பட்டைத்தோல் துண்டு. வெளியே அப்பா "இன்னா பாப்பா, தோல் எடுக்கப் போனியா, ஆடு மேய்க்கப் போனியா?" என்று குரல் கொடுத்தார். விருந்தாளிகள் சிரித்தார்கள். நான் அந்தப் பழுப்புத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பா பாயோடு பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே வலது கையை நீட்டினார். கொடுத்தேன். அவருடைய கட்டைவிரல் வழக்கம்போல ஒரு முறை அதன் மேல் ஓடியது. பேச்சு ஒரு கணம் நின்றது போலிருந்தது. அவ்வளவுதான், அடுத்த நொடி அதைப் பாய் கொண்டுவந்திருந்த தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டார், ஈரமாக இருந்தால்தான் வளைந்து பதிந்து உட்காரும் என்று. நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பதற்குக் கர்த்தர்தான் சாட்சி. அதற்குள் அம்மா உள்ளேயிருந்து மருதாணி வைக்கக் கூப்பிட்டார், போய்விட்டேன். ஒரு கையில் மருதாணி காய்கிற நேரத்தில் ஒரு பெண் எதையெல்லாம் மறந்துவிடுகிறாள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பகீரென்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. பின்சீட்டில் வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் வலை முக்காடுமாக அத்தை, அவருக்கு இரண்டு பக்கமும் தோழிகள், முன்சீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் மடியில் நான். மாதனூர் தாண்டும்வரை அத்தை அழுதுகொண்டும் தோழிகள் அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டும் வந்தார்கள். எனக்குப் பட்டைத்தோல் ஞாபகம் அங்கேதான் வந்தது. தார் ரோட்டில் கானல் தெரிந்தது. டயர் சூடாகும், உள்ளே ஈரம் இருக்கிறது என்று என் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. "அப்பா" என்றேன். "இன்னா பாப்பா?" என்றார். பின்னாலிருந்து யாரோ பாட ஆரம்பித்தார்கள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

பள்ளிகொண்டா வருவதற்குச் சற்று முன்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். அதைச் சத்தம் என்றே சொல்லக்கூடாது, காதுக்குள் யாரோ அறைந்தது போலிருந்தது. வண்டி ஒரே இழுப்பாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அப்பா ஸ்டீயரிங்கை விடவில்லை. ரோட்டை விட்டு இறங்கிய சக்கரம் கல்லில் மோதியபோது ஸ்டீயரிங் சுழன்றடித்த வேகத்தில் அவர் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஐயோ, அது கேட்டிருக்க வேண்டாம். பள்ளத்தில் இறங்கி, புளியமரத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. புழுதி அடங்கியது. பிறகு அத்தை, "அண்ணா, உன் கை" என்றார்.

மற்றவர்களுக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று. அம்மா நர்ஸ் அல்லவா, உடனே மிச்சக் கல்யாணப் பத்திரிகைக் கட்டை அப்பாவின் கைக்குக் கீழே முட்டாக வைத்து, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தார். "தெரியுதா? இது? இது தெரியுதா?" என்று கேட்கக் கேட்க அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். "மொதல்ல கோயிலு" என்றார் அப்பா. இன்னும் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று நின்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெள்ளைப் பட்டுப் புடவை கட்டிய மணப்பெண், உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத்தோல் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போனாள்! கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது முன் வரிசைக்காரர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். வேர்த்து வழிய, முட்டுக் கட்டிய கையோடு, அப்பா தங்கையை நடத்திக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டில் நசுங்கிய நரம்பு கூடவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் அசையும், பிடிக்கும், எழுதும். தொட்டால் மட்டும் தெரியாது. சுடுகிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் வந்தபிறகுதான் பார்ப்பார். மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போன முதல் நாள் மதியமே திரும்பி வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு தோல் துண்டை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். அழுதார். அப்பா அழுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். கம்பெனியில் அவரைக் கேட்டில் போட்டார்கள், வருகிற போகிற லாரி நம்பரை எழுதும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

இடையில் அன்வர் பாய் அந்த டயரைக் கழற்றிக்கொண்டு வந்ததையும் சொல்லவேண்டும். உள்ளிருந்து விழுந்த பட்டைத்தோல் பாதியாகச் சுருங்கி, ஓரமெல்லாம் சுருண்டு கத்தியாக நின்றது. அந்த ஓரம்தான் டியூபை அறுத்திருந்தது. "சார், இது இன்னா தோலு சார்?" என்றார் பாய். கட்டுப்போட்ட கையோடு அப்பா, "என் தப்புதான் பாய்" என்று மட்டும் சொன்னார். பாவம், மகள் கொடுத்ததைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, எல்லாப் பழியையும் தன் மேல் போட்டுக்கொள்கிறாரே என்று நினைத்தேன். சொல்லவில்லை. குப்பையில் போட்ட அந்தத் துண்டை எடுத்து, அந்த நீலப் பென்சில் பைக்குள்ளேயே வைத்து, ஒளித்துவிட்டேன். பதினேழு வருஷம் அது என்னோடு ஹாஸ்டல், வேலை, கல்யாணம் என்று எல்லா இடத்துக்கும் வந்தது.

போன மாதம் அப்பாவை என் காரில் ஆம்பூரிலிருந்து வேலூரில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வழியில் டயரில் ஆணி. பைபாஸ் ரோட்டுக் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. ஆணியைப் பிடுங்கி, கறுப்பாகப் பிசுபிசுத்த திரி ஒன்றை ஓட்டையில் திணித்து, காற்றடித்து, போங்கள் என்றுவிட்டார். அப்பா இறங்கி வந்து சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டியூபு எங்க?" என்றார். "இதுல டியூபே கிடையாது பெரியவரே" என்றார் கடைக்காரர். அப்பா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். வெடிக்கிறதுக்கே ஒன்றுமில்லையா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். தண்ணீர்த் தொட்டியும் இல்லை, லீவரும் இல்லை, வெள்ளைப் பவுடரும் இல்லை. அம்பாசடர் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிற்று, அன்வர் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஒரு டயருக்குள் ஒளித்துவைக்க இனி எதுவுமே இல்லை என்று தோன்றியபோது, என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பென்சில் பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே, ஒன்பது வயதுக்காரி மாதிரி. அப்பா பையைத் திறந்து, சுருங்கிய துண்டை இடது கையில் வாங்கிப் பார்த்தார்.

"பைய நான் அப்பவே பார்த்துட்டேன் பாப்பா. உங்க ஸ்கூல் கண்காட்சிக்கு உனக்குத் தெரியாம வந்தேன். சிவப்பு நூலு. நல்லா தெச்சிருந்த" என்றார்.

"அப்படின்னா நீலத்தோல் இல்லைனு உங்களுக்கு..."

"மறந்துட்டேன், கல்யாணக் கலாட்டா. நீ கையில குடுத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. வெரலு சொல்லிடுச்சு, இது பட்டைத்தோலுன்னு." வலது கையை விரித்து, எதையும் அறியாத அந்த மூன்று விரல்களையும் பார்த்தார். "பாய்கிட்ட வாய் விட்டுட்டேனே. விருந்தாளிங்க முன்னால அவர்கிட்ட போயி ரப்பர் குடுன்னு கேக்கறதான்னு இருந்துச்சு. ஐம்பது கிலோமீட்டர்தானே, தாங்கிடும்னு முக்கி உள்ள வெச்சேன். நீ வெக்கல பாப்பா. நான் வெச்சேன்."

"ஏம்பா எங்கிட்ட சொல்லல, இத்தனை வருஷமா?"

"நீ உன் தப்புன்னு நெனச்சுனு இருந்தேன்னே எனக்குத் தெரியாதே" என்றார். துண்டைப் பைக்குள் போட்டு மூடினார். பிறகு கட்டைவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து, பழைய வழக்கப்படி ஒரு முறை உருட்டிப் பார்த்தார்.

"கடைசியா இந்த வெரலு சொன்னது அதுதான். நான் கேக்கல. அப்பறம் அது எதையுமே சொல்லல."